அறுநூற்றுப் பதினொன்றின் சட்டைகள்

ராஸ் அல் கைமா. ஓட்டலின் கீழ்த்தளம்.
ஜன்னல் இல்லாத சலவைக்கூடத்தில்
மேல்மாடிகளை நான் அறிவது கறைகளால்தான்.
மாதுளைச் சாறு, மருதாணி, கார் கிரீஸ்,
யாரோ அழுத கண்மை.

படப்பிடிப்புக் குழு வந்திறங்கிய அன்று
துணிப்பையின் சீட்டைப் படித்துச் சிரித்தார்
சூப்பர்வைசர் சகாயம்:
"வினிஃப்ரெட் கேடி. பேரிலேயே கேடி!"
நாங்களும் சிரித்தோம்.
எழுபத்தாறு வயது. அறை அறுநூற்றுப் பதினொன்று.
தலையணை உறையில் யூகலிப்டஸ் வாசம்.

மற்றதெல்லாம் ரூம்பாய் லோக்ராஜ்
போனில் தேடி, பாதி இந்தியில் சொன்னது.
அமெரிக்காவில் ஓர் இரும்பாலை ஊர்.
பத்தொன்பதில் முதல் மேடை:
தட்டு ஏந்தி வந்து
தட்டு ஏந்திப் போகும் வேலைக்காரி. வசனம் கிடையாது.
அப்புறம் ராணிகள், கொலைகாரிகள்,
ஒரே நாடகம் நானூறு இரவு.
முப்பத்தொன்றில் பெரிய பரிசு;
மேடையேறி, நன்றி சொல்ல மறந்து இறங்கினாள்.
நாற்பத்து மூன்றிலிருந்து பத்து வருடம்
யாரும் கூப்பிடவில்லை.
அப்போது சோப்புத்தூள் விளம்பரங்களுக்குக்
குரல் கொடுத்துப் பிழைத்தாளாம்.
இது ஒன்றை மட்டும் மறுபடி சொல்லச் சொன்னேன்.
அறுபதில் நரைத்த தலையோடு திரும்பி வந்தாள்.
அதன்பின் அவளை அசைக்க ஆளில்லை.

இங்கே அவளுக்கு
பாலைவனத்தில் மகனைத் தேடும் தாய் வேடம்.
வெளிர்நீலச் சட்டை, ஒன்றுபோல் ஆறு.
இரவில் நாங்கள் மண்போகத் துவைப்போம்,
காலையில் அவர்களே அளவாக மண் பூசிக்கொள்வார்கள்.

மூன்றாம் நாள்
இடது கை உள்மடிப்பில் நீல மை,
எறும்பு வரிசையாய் இங்கிலீஷ்.
கறை என்றால் கறை.
ஸ்பிரிட், எலுமிச்சை, பழைய பல்துலக்கி,
இருபது நிமிடம்.
மறுநாள் பேசவேண்டியது அது என்று
யார் கண்டது?

டீ கொண்டுபோன பையன் சொன்னான்:
கேமரா ஓடுகிறது,
அவள் கையைத் திருப்பிப் பார்க்கிறாள்,
வெறும் துணி.
பார்த்தபடியே பதினேழு விநாடி.
பிறகு மெதுவாக முகத்தைத் தூக்குகிறாள்.
டைரக்டருக்கு 'கட்' சொல்ல வாய் வரவில்லையாம்.
லைட்மேன் ஒருவன் அழுதானாம்.

அன்றிரவு சர்வீஸ் லிஃப்டில்
ஓட்டல் செருப்போடு அவளே இறங்கி வந்தாள்.
வேலை போயிற்று என்று எழுந்து நின்றேன்.
இஸ்திரி மேஜையில் சட்டையை விரித்தாள்,
பக்கத்தில் ஒரு தாள், ஒரு பேனா.
தன் விரல்களை நீட்டிக் காட்டினாள்.
நடுங்கின.
அப்புறம் அதே விரலை உதட்டின்மேல் வைத்தாள்.

எட்டாவதோடு நின்ற படிப்பு எனக்கு.
ஆனால் பதினான்கு வருடமாக
துணியின் ஓரத்தில் அறை எண் எழுதுகிற கை.
அர்த்தம் தெரியாமல்
ஒவ்வொரு எழுத்தாக வரைந்தேன்.
டிரையர் மேல் சாய்ந்துகொண்டு என் பெயர் கேட்டாள்.
இருதயமேரி.
மூன்று முறை சொல்லிப் பார்த்தாள்,
மூன்றாவதில் சரியாக வந்தது.
அதை எங்கும் எழுதி வைத்துக்கொள்ளவில்லை.

ஒன்பது இரவு எழுதினேன்,
ஒன்பது இரவு அழித்தேன்.
சகாயத்துக்குக்கூடத் தெரியாது.

அடுத்த வருடம் படம் வந்தது.
ஐம்பத்தேழு வருட நடிப்பும்
அந்தப் பதினேழு விநாடியில் திரண்டு நிற்கிறது
என்று எழுதியிருந்தார்களாம்.
இருக்கட்டும். பொய்யில்லை.
வெறும் கையைப் பார்த்து அப்படி நிற்க
என்னால் ஆகுமா?

கேம்ப்பில், பங்க் கட்டிலின் மேல்தட்டில்,
போர்வைக்குள் போனை வைத்து
நான் தேடியது வேறு.
ஒரு மணி ஆறாம் நிமிடம்
யாரையோ பார்த்துக் கையசைக்கிறாள்,
மடிப்பு திறந்து மூடுகிறது.
நிறுத்தினேன். பெரிதாக்கினேன்.
நீலமாய், மங்கலாய், ஒரு ஜி எழுத்து.
பள்ளிக்கூடத்தில் அடி வாங்கியும் திருந்தாத என் ஜி,
வாலை வலப்பக்கம் சுழித்துக்கொண்டு.