அரை அங்குலம்

நூற்றிருபது வெள்ளி என்றார் குழாய்க்காரர்,
வந்து பார்க்க மட்டும் முப்பது.
நானே கழற்றுவதென்று போனை வைத்தேன்.

துணி துவைக்கும் தொட்டியின் மேல்
இருபத்தாறு வருஷத்துப் பித்தளை.
பிடி எப்போதோ போய்விட்டது,
கயிறு கட்டித் தொங்கும் குறடுதான் அதற்குக் கை.
இறுக்கினாலும் சொட்டும், விட்டாலும் சொட்டும்.
இரவு ஷிப்ட் முடித்து வருகிறவளுக்கு
ஒரு சொட்டுக்கும் அடுத்த சொட்டுக்கும் நடுவில்
கிடைப்பதுதான் தூக்கம்.

தாழ்வாரத்து இரும்புக் கதவைத் திறந்தால்
நாலு மீட்டர், நாலு வால்வு, எண்கள் அழிந்து.
இதுதான் என்று ஒன்றை மூடினேன்.
இரண்டே நிமிஷம்.
தலையில் துண்டு, நெற்றியில் நுரையோடு
எதிர்வீட்டு ரொஹாயா:
"ஆயெர் தாக் அடா!"
இல்லாமல் போன தண்ணீரைத்
திருப்பித் தந்துவிட்டு
அடுத்ததை மூடினேன்.

பழையது அசையவில்லை.
ஸ்பேனரில் என் முழு எடையும் தொங்கியது.
வருவியா மாட்டியா என்று
வாய்விட்டே கேட்டேன்.
வந்தது,
சுண்ணாம்பும் பழுப்புத் தண்ணீருமாய்.

பையில் போட்டு எடுத்துப்போனேன்.
கீழ்க்கடை சியோங் பையைத் திறக்கவேயில்லை,
கையில் தூக்கிப் பார்த்தே
"அரை அங்குலம்" என்றார். பதினெட்டு வெள்ளி.

வெள்ளை டேப்பை முதலில்
தப்புத் திசையில் சுற்றிவிட்டேன்.
திருகத் திருக
இடியாப்பம்போல் பிதுங்கிற்று.
உரித்தெறிந்து, மரையின் போக்கிலேயே
பன்னிரண்டு சுற்று.
அன்று பகல் முழுக்கத் தூங்கினேன்.

மூன்றாம் வாரம் நாற்றம்.
மீன் வாங்கவில்லை, குப்பை இல்லை,
ஆனாலும் படுக்கைவரை வந்தது.
பின்னாலேயே ஒரு கரப்பான்,
வாடகை கொடுப்பவன் மாதிரி நிதானமாக.

தொட்டிக்குக் கீழே தரைக்குழியின் மூடியை
நெம்பித் தூக்கி
டார்ச் அடித்துப் பார்த்தேன்.
ஒரு கொத்து முடி, ஒரு சட்டைப் பொத்தான்,
வளைவு காய்ந்து கிடந்தது.
அங்கே நிற்கவேண்டிய இரண்டு விரற்கடைத் தண்ணீர்தான்
பதினாறு மாடிக் குடலுக்கும்
என் வீட்டுக்கும் நடுவிலிருந்த கதவு.

தீபாவளியோடு துவைக்கும் இயந்திரம் செத்தது.
அதிலிருந்து சீருடையெல்லாம்
கீழே காசு போட்டுத் துவைப்பது.
தொட்டிப் பக்கம் போனதேயில்லை.
அப்படியென்றால் இத்தனை மாதம்
அந்தக் கதவைச் சாத்திவைத்தது யார்?

குறடு இன்னும் கயிற்றில் தொங்குகிறது.

ஷிப்ட் அட்டவணையில்
இரவு, இரவு, இரவு, ஓய்வு.
ஓய்வுக்குப் பக்கத்தில் பென்சிலால்
"ஒரு வாளி" என்று எழுதியிருக்கிறேன்.
முடியை எடுத்து,
கொதிநீரும் சோப்பும் விட்டுத் தேய்த்து,
கடைசியில் நல்ல தண்ணீர்.

நேற்று ரொஹாயா சாவியைக் கொடுத்தார்.
மூன்று வாரம் உம்ரா,
பூனை மகள் வீட்டுக்குப் போயிற்றாம்,
செடிக்கு மட்டும் ஊற்றினால் போதும்.

"தரைக்குழிக்கும் ஊற்றட்டுமா?"

என்னைக் கொஞ்சநேரம் பார்த்தார்.
"ஊற்று.
வால்வை மட்டும் தொடாதே."