இறைச்சிப்பொருள்

தமிழ்ச் சிறப்புப் பாடத்தில் எனக்குப் புள்ளி வந்தது
இந்த ஒரு சொல்லால்தான்.
இறைச்சி: விலங்கைச் சொல்லி மனிதரை உணர்த்துவது.
பன்றி தினைக்குள் புகுந்தால்
அவன் இரவில் வரப்போகிறான் என்று எழுத வேண்டும்.
அதற்குப் பிறகு பன்றிக்கு என்ன நடந்தது என்று
எந்த வினாத்தாளும் கேட்டதில்லை.

இப்போது பிராண்டனில், இரவு வேலை.
நான்கு நொடிக்கு ஒரு தோள்பட்டை.
இடக்கையில் உருக்குக் கையுறை,
வலக்கையில் ஆறங்குலக் கத்தி.
மூன்றாம் மாதத்தில் விரல்கள்
உறக்கத்திலும் மடங்கப் பழகிவிட்டன.
என்னிடம் வரும்போது அதற்கு முகம் இருக்காது.
முகங்கள் கீழ்த்தளத்தில், வேறு ஆட்களுக்கு.

பக்கத்தில் நிற்கும் தெக்லேக்கு
ஐம்பத்தைந்து நாள் நோன்பு.
வெட்டுவான், வாயில் வைக்கமாட்டான்.
இடைவேளையில் பருப்பும் புளித்த அப்பமும்.
"உனக்கு?" என்றான்.
வெள்ளிக்கிழமை மட்டும் என்றேன்.
"அது பன்றிக்குத் தெரியுமா?"
உன் ஐம்பத்தைந்து தெரியுமா என்று கேட்கலாமென்றால்
மணி அடித்துவிட்டது.

மார்ச் தொடக்கம். மைனஸ் முப்பத்தொன்று.
பதினெட்டாம் தெருச் சிவப்பு விளக்கில்
என் காருக்குப் பக்கத்தில் லொறி.
குளிருக்காகத் துளைகளை அடைத்திருந்தார்கள்,
ஒன்றைத் தவிர.
அதன் வழியே ஒரு மூக்கு.
விளிம்பில் உறைபனி, நடுவில் ஈரம்.

பழக்கதோஷம், உள்ளுறை தேடினேன்.
எனக்கும் ஒரு லொறி உண்டு:
வவுனியா தாண்டி, தார்ப்பாய்க்கு அடியில்,
பதினேழு பேர்,
மூச்சுக்கு ஒரு கிழிசல்.
பொருத்தம் அவ்வளவு கச்சிதமாக இருந்ததில்
எனக்கு வெட்கமாகிவிட்டது.
மூக்கு என்னை விசாரிக்கவில்லை.
குளிரை முகர்ந்தது. உள்ளே போனது.
மறுபடி வந்தது.
பச்சை விழுந்தது.

அன்றும் வெட்டினேன்.
விடியலில் சுகிர்தா கோழி காய்ச்சி வைத்திருந்தாள்.
தின்றேன். ருசியாக இருந்தது,
அதையும் எழுதத்தான் வேண்டும்.
எலும்பை ஓரமாக ஒதுக்கியபோது
விரல் தானாகவே மூட்டைத் தேடிப் பிடித்தது.
"ஏன் அதையே பார்க்கிறீர்கள்?" என்றாள்.
ஒன்றுமில்லை என்றேன்.

இதை எழுத உட்கார்ந்தேன்.
மூன்றாம் வரியிலேயே அந்த மூக்கை
எதற்கோ உவமையாக்கிவிட்டேன். வெட்டினேன்.
மறுபடி வந்தது, வேறு உவமையோடு.
அதையும் வெட்டினேன்.
நான்கு நொடிக்கு ஒன்று.

இப்போது தாளில் மிச்சம்
ஒரு துளை, கொஞ்சம் ஈரம்,
லொறியின் இலக்கத் தகடு:
ஆறு, நான்கு,
பிறகு ஏதோ ஓர் எண்.
பனி மூடியிருந்தது,
நான் இறங்கித் துடைத்துப் பார்க்கவில்லை.