மூக்கனேரியில் ஒரு பாய்

நாலு நீல டிரம், இரண்டு பலகை,
கன்னங்குறிச்சியில் பேரம் பேசி வாங்கிய மூங்கில்,
சுக்கானுக்குப் பழைய மின்விசிறியின் ஒற்றை இறக்கை.
பாய் மட்டும் புதுசு.
மாசியில் நான் காசு கொடுத்து அடித்த ஃப்ளெக்ஸ்,
பத்துக்கு எட்டு.
பூப்புனித நீராட்டு விழா. செல்வி மிதுலாஸ்ரீ.
கன்னத்தில் கை வைத்துச் சிரிக்கிறாள்.
அடியில் வரிசையாகத் தாய்மாமன்கள்,
கறுப்புக் கண்ணாடியோடு மூன்றாவது நான்.

கட்டும்போது அவளை யாரும் கேட்கவில்லை.
கழற்றியது அவள்தான், ராத்திரி, ஸ்டூல் போட்டு.

பங்குனி இரண்டாம் ஞாயிறு, காலை ஏழு.
எனக்கு உத்தியோகம் எடை.
"நடுவுல உக்காருங்க மாமா,
சொல்றப்ப மட்டும் நகருங்க."

சேர்வராயன் மடிப்பிலிருந்து வாடை இறங்கியது.
பாயில் அவள் முகம்
தாடையிலிருந்து நெற்றிவரை ஒருமுறை மூச்சு வாங்கிற்று.
பூவரசு நிற்கும் முதல் திட்டைத் தாண்டினோம்.
நீர்க்காகம் எச்சமிட்டு வெளுத்த இரண்டாவதைச் சுற்றும்போது
காற்றே இல்லை.
துணி தொங்கியது. ஒரு கெண்டை துள்ளி விழுந்தது.
ஆரம்பித்த இடத்துக்கே கொஞ்சம் கொஞ்சமாய்ப்
பின்னால் போய்க்கொண்டிருந்தோம்.

பிறகு கோரிமேட்டுப் பக்கமிருந்து கொண்டல்,
அதை முடிக்க விடாமல் மறுபடி வாடை.
"எந்தக் காத்துக்கும் ஒரு பேச்சு கிடையாது" என்றேன்.
"உங்களுக்கு மட்டும்?" என்றாள், கயிற்றைப் பார்த்தபடி.

மூன்றாவது திட்டு கண்ணெதிரே இருந்தது.
"நேராப் போயேன்."
"எதிர்க்காத்து. நேராப் போனா நின்னுரும்.
குறுக்க போயி, திரும்பி, மறுபடி குறுக்க."

முதல் திருப்பத்தில் என் செருப்பு போனது.
நாலாவதில் நினைவு வந்தது.
பேருந்து நிறுத்தத்தில் அந்தத் தட்டி நின்ற மூன்று வாரம்,
நாலு நிமிடப் பள்ளிக்கூடத்துக்கு
மில் சுவரோரம் போய், பால் சொசைட்டி சந்தில் திரும்பி,
கோயில் பின்புறமாய் ஏறி
இருபது நிமிடம் நடந்திருக்கிறாள்.
தினமும் லேட், என்ன கொழுப்பு என்று அக்கா சொன்னபோது
நானும் தலையாட்டினேன்.

சொல்ல வாயெடுத்தேன்.
மலை மறுபடி இருமியது.
மூங்கில் வளைந்தது, இடது டிரம் நீருக்குள் போனது.
"பாயைக் குறைக்கணும்! அடி வரிசையைச் சுருட்டுங்க!"
சுருட்டினேன்.
நகைக்கடை விளம்பரம், தருமபுரி மாமன், ஓமலூர் மாமன்,
என் கறுப்புக் கண்ணாடி,
அத்தனை பேரையும் இறுக்கி ஒரு முடிச்சு.
படகு நிமிர்ந்தது.

மூன்றாவது திட்டில் ஒன்றுமில்லை.
கருவேலம், ஒற்றை ரப்பர் பந்து,
எங்களைப் பார்த்தும் எழுந்திருக்காத ஒரு கொக்கு.
அதைச் சுற்றி இரண்டு தரம் வந்தாள்.

இப்போது எங்கள் வீட்டுச் சுற்றுச்சுவரில்
மாமன்கள் தலைகீழாய்க் காய்கிறோம்.
அடுத்த ஞாயிறு தென்றல் திரும்பும் என்று
ஃபோனில் பார்த்துச் சொன்னாள்.
அப்படியே, இன்னொரு செருப்பு
வாங்கிக்கொள்ளச் சொன்னாள்.