கடலிலிருந்து மூன்றாவது தெரு

மலை இன்னும் ஆறவில்லை.
சத்துவாச்சாரியில் இரவு பதினோரு மணிக்கும்
சுவரில் கை வைத்தால் தோசைக்கல்.
செல்வின் மொட்டைமாடியில் பாயைப் போட்டு
அதன்மேல் புதுச்சேரியை விரிக்கிறார்,
நான்காக மடித்த வழவழப்புத் தாளில்.

போன ஞாயிறு பார்த்துவிட்டு வந்தோம்.
ஆரணி, சேத்துப்பட்டு, செஞ்சி, திண்டிவனம் என்று
பஸ் எங்களைச் சலித்துச் சலித்துக்
கடலோரம் கொட்டியது.

புரோக்கர் முனிரத்தினத்துக்குக் குடியாத்தம்.
அங்கே போய்ப் பன்னிரண்டு வருஷமாம்.
"இது உங்க காந்தி நகர் மாதிரி மேடம்.
இது அப்படியே தொரப்பாடி, அமைதி."
தெரியாத ஊரைத்
தெரிந்த ஊர் பேர் சொல்லியே விற்கிறார்.
"மழை வந்தா மிதக்குற கன்சால்பேட்டை எதுங்க?" என்றேன்.
ஹார்ன் அடித்தார், ரோட்டில் யாருமில்லை.

முதலில் காட்டியது நாலாவது மாடி.
ஜன்னலைத் திறந்தார், முழுக்கக் கடல்.
செல்வின் பேச்சை விட்டுவிட்டார்.
நான் கீலைப் பார்த்தேன்.
கட்டி இரண்டு வருஷம்கூட ஆகாத வீடு,
கிரில் கம்பி வெங்காயச் சருகாய் உரிகிறது.

டயாலிசிஸ் வார்டில் எனக்குப் பதினேழு வருஷம்.
உடம்பிலிருந்து உப்பையும் தண்ணீரையும்
ஆளுக்கு நாலு மணி நேரம் வடித்தெடுக்கிற வேலை.
அதே இரண்டையும்
சதுர அடி ஏழாயிரம் என்றால்
கை தானாகப் பையை மூடுகிறது.

செல்வின் கணக்கு வேறு.
விருதம்பட்டில் வளர்ந்தவர்.
ஆறு என்றால் கிரிக்கெட் ஆடுகிற இடம்,
பந்து தொலைந்தால் மணலில் தேடுவது.
வெள்ளம் வந்த அந்த நவம்பரில்
பாலாற்றுப் பாலத்தில் இரண்டு மணி நேரம் நின்றுவிட்டு
வீட்டுக்கு வந்து, சாப்பிடாமல் படுத்தார்.
அன்றைக்குப் பிடித்தது இது.

இரண்டாவது, வெள்ளையும் மஞ்சளுமாய் ஒரு தெரு.
காபி நூற்றெண்பது.
எங்கள் துணியைக் காயப்போட்டால்
அதையும் நின்று போட்டோ எடுப்பார்கள்.

மூன்றாவது குருசுக்குப்பம் பக்கம்.
பட்டியலில் இல்லை, வழி தவறிப் போனது.
கடலிலிருந்து மூன்றாவது தெரு. கடல் தெரியவில்லை.
பாதித் தெருவில் வலை, மீதியில்
ஹோட்டல் பையன்களின் பைக்.
"உங்களுக்கு செட் ஆகாது" என்று
முனிரத்தினம் வண்டியை விட்டு இறங்கவே இல்லை.

குழாயடியில் ஒரு அம்மா கேட்டார்:
"வீடா பாக்குறீங்க? எந்த ஊரு?"
வேலூர் என்றேன்.
"ஆஸ்பத்திரி ஊரா.
எங்க வீட்டுக்காரரை அங்கதான் இட்டாந்தோம்."
அதோடு நிறுத்திக்கொண்டார்.
மேலே கேட்பது என் பழக்கமில்லை.
குடத்தை இடுப்பில் ஏற்றிவிட்டு,
"தண்ணி அஞ்சரைக்கு வரும். ஆறேகாலுக்கு நிக்கும்.
மோட்டார் போட்டா சண்டை" என்றார்.

நாள் முழுக்கப் பார்த்த வீடுகளில்
யாரும் சொல்லாத விவரம்.

பதினேழு வருஷத்தில் எத்தனை கை, எத்தனை நரம்பு.
அவர் கையும் அதில் இருந்திருக்கலாம்.
இல்லாமலும் இருக்கலாம்.
பக்கத்து வீட்டில் குடிபோனால்
ஒரு நாள் அவர் பேரைச் சொல்வார்,
எனக்கு ஞாபகம் வரும், அல்லது வராது.
இரண்டில் எது மோசம் என்று தெரியவில்லை.

"நாலாவது மாடிதான், பியூலா" என்கிறார் செல்வின்.
"ம்" என்கிறேன்.
அந்த "ம்"முக்குள்ளேயே தூங்கிப்போகிறார்.

தாளில் அந்தத் தெரு இல்லை,
அங்கே விளம்பரக்காரியின் தலைமுடி பறக்கிறது.
முடியின்மேல் பேனாவால் எழுதினேன்: 5.30.

கீழே பெங்களூர் ரோட்டில் லாரிகள்.
கண்ணை மூடிக் கேட்டால் அலை மாதிரி இருக்கும்
என்பார் இவர்.
மூடிப் பார்த்தேன். லாரிதான்.

நாளைக்கு நம் தெருவுக்குத் தண்ணீர் முறை.
நாலு மணிக்கே எழ வேண்டும்.