விலை சொல்கிறவள்

உறுதியில் இரண்டு பெயர்.
முதல் வரியில் தவமலர், அடுத்ததில் நான்.
தொண்ணூற்றெட்டில் வாங்கினோம், மால்ட்டனில்,
விமானங்கள் இறங்கும் வழியின் கீழே
சுவரொட்டிய வீடுகளில் ஒன்று. மலிவு.
ஏன் மலிவென்று முதல் இரவே தெரிந்தது.

தனித்தனியே போனபோது கைவிரித்த வங்கி
சேர்ந்து போனபோது கதிரை தந்தது.
விமானச் சாப்பாட்டுத் தட்டுகளில்
அவள் வெண்ணெய் வைப்பாள், நான் மூடி போடுவேன்.
மோட்கேஜும் அந்த வரிசையின் தொடர்ச்சிதான்
என்று நினைத்தோம்.
பங்காளி என்ற சொல்லோடு
காய்ச்சலும் ஒட்டிக்கொண்டு வரும் என்று
தமிழ் எப்போதோ சொல்லிவைத்திருந்தது.

இப்போது மகனுக்கு பிராம்ப்டனில் வீடு பார்க்கிறாள்.
பாதியைப் பணமாகக் கேட்கிறாள்.
என்னிடம் பாதி இருக்கிறது, பணம் இல்லை.
முடியாதென்றேன்.
லோயர் கடிதம் வந்தது,
மேல்மாடியிலிருந்து கீழ்மாடிக்கு,
ஐந்து நாள் எடுத்து, தபாலில்.
அதைக் கொண்டுவந்து தந்ததும் அவள்தான்;
அன்று தபால்பெட்டிச் சாவி அவளிடம்.

வழக்குக்குப் போனால்
வீட்டைக் குறுக்கே அறுக்கமாட்டார்கள்,
விற்கச் சொல்வார்கள், என்றார் என் லோயர்.
விற்றால் முதலில் யார் எடுப்பார்கள் என்று கேட்டேன்.
மணிக்கூட்டைப் பார்த்தார்.

ஆகவே மத்தியஸ்தம். எயார்போர்ட் வீதியில்
பல்வைத்தியருக்கு மேலே ஓர் அறை.
மிஸ் ராம்கிசூன், கண்ணாடிச் சாடி, டிஷ்யூப் பெட்டி.
நான் பில்களை அடுக்கினேன்:
ஃபர்னஸ், கூரை, இரண்டு தரம் வெடித்த குழாய்.
அவள் ஒரேயொரு வரி வைத்தாள்:
என் தம்பி பேஸ்மென்டில் வாடகையில்லாமல்
இருந்த மூன்று குளிர்காலம்.
மறந்தே போயிருந்தேன்.
கோடையைச் சேர்க்கவில்லையாம்,
கோடையில் அவன் புல் வெட்டினானாம்.
கூட்டிக் கழித்து மிஸ் ராம்கிசூன் சொன்னார்:
நானூற்றுப் பதினொரு டொலர் வித்தியாசம்,
இருபத்தாறு வருடத்துக்கு.
யார் பக்கம் என்று இரண்டு பேருமே கேட்கவில்லை.

பிறகு ஒரு வழி காட்டினார்.
ஒருத்தி விலை சொல்லவேண்டும்.
அந்த விலைக்கு வாங்குவதா, விற்பதா,
மற்றவள் தெரிவுசெய்வாள்.
நாணயம் சுண்டினார். விலை சொல்கிறவள் நான்.
வாங்க நேர்ந்தால் தம்பி ஈடு நிற்பான்,
மூன்று குளிர்காலத்தின் வட்டியாக.

ஒரு கிழமை தவணை.
குறைத்துச் சொன்னால் அவள் வாங்கிவிடுவாள்.
கூட்டிச் சொன்னால் என் வாயே என் கழுத்தில்.
வேறு வழியில்லாமல்
இரவில் மாடிப்படியில் இருந்துகொண்டு
அவளுடைய கண்ணால் வீட்டைப் பார்த்தேன், முதல்முறையாக.

மேலறையில் வெயில் மூன்றரைக்கே போய்விடுகிறது.
என் கருவாட்டுக் குழம்பு நேரே அங்கேதான் ஏறுகிறது.
நாலாவது படி மற்றவற்றைவிட உயரம்;
கைப்பிடியில் அந்த இடத்தில் மட்டும் வர்ணம் இல்லை.
அவளுடைய வலது முழங்கால்.
இதற்கெல்லாம் எவ்வளவு கழிக்க?
பின்வளவில் பீச் மரம், அவள் வைத்தது,
இரண்டு வருடம் காய்த்துவிட்டுச் சும்மா நிற்கிறது.
அதற்கு எவ்வளவு கூட்ட?

வெள்ளிக்கிழமை
தாளை மடித்து மேசையில் வைத்தேன்.
தவமலர் விரித்தாள். வாசித்தாள்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்து
மறுபடி வாசித்தாள்.
"நான்" என்று தொடங்கினாள்.

மேலே விமானம்.

நிறுத்தினாள். நானும் அசையவில்லை.
வீட்டில் எப்போதும் செய்வதுபோல
பாதி வசனத்தை ஆளுக்கொரு பக்கம் பிடித்தபடி
இருந்தோம்,
சாடித் தண்ணீர் நடுங்கி அடங்கும்வரை.
மிஸ் ராம்கிசூன் மட்டும்
என்னவோ சொல்லி
உதடசைத்துக்கொண்டிருந்தார்.