வாய் மூடிய ஈயம்

கீழவாசல் கடையில் அன்றைக்குப்
பித்தளை பிரித்துக்கொண்டிருந்தேன்.
குடையை மடக்காமலே உள்ளே வந்து
"ஈயம் இருக்கா?" என்றார்.
நேற்று வந்தது, புத்தம் புதுசு என்றேன்.
முகம் சுருங்கிவிட்டது.
"பழசு வேணும் ராவுத்தர்.
வெள்ளைக்காரன் வர்றதுக்கு முந்தினதுன்னா ரொம்ப நல்லது."

டாக்டர் சாலோமி தேவதாஸ்
என்று ரசீதில் எழுதச் சொன்னார்.
வைத்தியர் என நினைத்து
முழங்கால் வலியைச் சொன்னேன்.
பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:
நான் அணுவைப் பார்க்கிறவள்.
புது ஈயம் பேசிக்கொண்டே இருக்கும்,
உள்ளே ஏதோ உடைந்து உடைந்து.
இருபத்திரண்டு வருசத்தில் பாதி அடங்கும்,
அடுத்த இருபத்திரண்டில் அதிலும் பாதி.
எனக்கு வாய் மூடிய ஈயம் வேணும்.

ஒன்பது வருசம் தேடிக் கொடுத்தேன்.
ரேஸ்கோர்ஸ் பங்களாவின் தண்ணீர்க் குழாய்,
திண்டுக்கல் மாதா கோயில் கூரைத் தகடு.
அச்சாபீஸ் எழுத்துகளை மூட்டையாய்க் கொண்டுபோனேன்,
கட்டைவிரல் நகத்தால் கீறிப் பார்த்து
"கலப்படம்" என்று திருப்பிவிட்டார்.
சேலைத் தலைப்பில் எப்போதும் ஒரு சாம்பல் கோடு.
கட்டிக்கு ஒரு துண்டு எடுத்துப்போய்
வாரம் கழித்து வருவார் தீர்ப்போடு:
"இது பேசுது."
"இது பரவாயில்லை, முணுமுணுக்குது."

ஒரே ஒரு தடவை காட்டினார்.
கல்லூரி நிலவறையில்
ஈயச் செங்கல் அடுக்கி, நடுவில்
தீப்பெட்டி அளவில் ஏதோ ஒன்று.
பதினாறு மாசமாய் அதற்குக் காவல்.
அழகர் ஆற்றில் இறங்கிய ராத்திரியும்
ஊரே வைகைக் கரையில் நிற்க
அவர் இங்கேதான் இருந்தாராம்.
"வந்துச்சா?"
"வரல."
"அப்போ தோத்துட்டீங்களா?"
சிரித்தார்.
"எத்தனை கோடிக் கோடி வருசத்துக்கு வராதுன்னு
இப்போ சொல்லலாம்.
இவ்வளவு தூரம் யாரும் சொன்னதில்ல."

இல்லை என்கிற ஒன்றுக்காக
என்னிடம் யாரும் இவ்வளவு எடை போட்டு வாங்கியதில்லை.

போன மாசம் லாரி வந்தது.
அவர் போய் மூன்று வருசம்,
நிலவறையில் நாற்காலி போடப் போகிறார்களாம்.
ஆயிரத்து நூற்று நாற்பது கிலோ.
என் பழைய நோட்டுக்கு மூன்று கிலோ குறைவு.
பேட்டரிக்காரன் கேட்டான்.
பழசு, விலை கூட என்றேன்.
"பழசுன்னா கம்மிதானே பாய்?"
அவன் விலைக்கே கொடுத்துவிட்டேன்.

ஒரு செங்கல் மட்டும் தராசுக்கடியில் கிடக்கிறது,
நகம் கீறிய பக்கம் மேலாக.
கடை சாத்திய பிறகு ஒருநாள்
யாரும் பார்க்கவில்லை என்று
காதை வைத்தேன்.
வெளியே திருப்புவனம் பஸ் ஹாரன் அடித்தது.
போகட்டும் என்று
இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன்.