என்ன மீனுக்கு?

சுங்க ஏலத்துக்குப் போனது
பழைய கொம்பிரசர் ஒன்று அம்பிடுமா என்று பார்க்க.
அம்பிட்டது ஒரு நீள அட்டைப்பெட்டி:
'மரச்சாமான். உரிமைகோரப்படாதது.'
உள்ளே கெல்டிக் ஹார்ப்.
இருபத்தாறு நரம்பு, மூன்று அறுந்து கிடந்தன.

ஐஸ் தொழிற்சாலையில் அன்று முழுக்கச் சிரிப்பு.
"சம்மனசே, செட்டையை எங்க கழட்டி வைச்சனீ?"

வலது தோளில் சாய்த்தேன்,
பிள்ளை தூக்கத் தெரியாதவன் தூக்குகிற மாதிரி.
சிவப்பு நரம்பெல்லாம் ச. கறுப்பெல்லாம் ம.
மிச்சம் வெள்ளை. எண்ணித்தான் பிடிக்க வேண்டும்,
கரையில் நின்று தோணி எண்ணுவதுபோல;
கண் தவறினால் மறுபடி முதலில் இருந்து.

கைப்பேசிக்குள் இருக்கிற பெண் சொல்கிறாள்:
கட்டைவிரல் மேலே பார்க்கட்டும்.
ஒலிக்குமுன் எல்லா விரலும் இடம் பிடிக்கட்டும்.
மீட்டிய விரல் உள்ளங்கைக்குள் போய் ஒடுங்கட்டும்.
பிறகு, போகிறபோக்கில்:
சுண்டுவிரல் இதற்கு வேண்டாம்.

நிறுத்தினேன்.
பின்னுக்கு இழுத்துத் திரும்பக் கேட்டேன்.
என் வலது சுண்டுவிரல்
ஐஸ் உடைக்கிற மெஷினோடு போய்ப் பதினொரு வருஷம்.
ஆர்மோனியம் அதோடு நின்றது.
சட்டைப் பொத்தான்கூடச் சில காலையில் அதைத் தேடும்.
இது கேட்கவேயில்லை.

சுருதி சேர்ப்பது தனிச் சம்பளம் தரவேண்டிய வேலை.
இருபத்தாறாவதை முறுக்கி முடிக்க
முதலாவது இறங்கியிருக்கும்.
டச்சுக்குடாக் காற்று உப்போடு வந்து
அறைக்குள் சம்மணம் போட்டிருக்கிறது.
ஓர் இரவு கைப்பேசியின் ஊசி
ஆடாமல் அசையாமல் நின்றது.
அப்பாடா என்று பார்த்தால்
அது மின்விசிறியின் சுருதி.

அறுந்த மூன்றுக்கும் மாற்று கொழும்பிலும் இல்லையாம்.
பிரதான வீதி, ஜவாஹிர் நானாவின் கடை.
தங்கூசிச் சுருள்கள் தொங்குகிற பக்கம் நின்றேன்.
"என்ன மீனுக்கு?"
பாரைக்கா, சீலாவுக்கா, எண்பது றாத்தலா, நூறா...
பழைய துண்டை எடுத்து நீட்டினேன்.
விரலிடுக்கில் உருட்டினார்.
பல்லில் ஒருக்கால் கடித்துப் பார்த்தார்.
"இதில ஒண்டும் கொழுவினதே இல்லையே" என்றார்.
பிறகு சரியான தடிப்பில் மூன்று முழம்.
காசு குறைக்கவில்லை.

புதுத் தங்கூசி நீண்டுகொண்டே போனது.
ரி-யில் விட்டுவிட்டுப் படுத்தால்
விடியும்போது ச-வுக்கும் கீழே.
நாலாம் நாள்தான் பிடிவாதம் விட்டது.

இப்போது மூன்று சுரம் வரிசையாக வருகிறது.
நாலாவதில் விரல் பக்கத்து நரம்பில் உரசி
பெட்டிக்குள் வண்டு அடைபட்ட மாதிரி இரைகிறது.

நேற்றுப் பின்னேரம் வாசலில் ஒரு மான்,
கோட்டைப் பக்கத்திலிருந்து குப்பை தேடி வருகிறவற்றில் ஒன்று.
ச, ரி, க.
காது இரண்டும் திரும்பின.
இன்னொரு தரம். ச, ரி, க.
தலை நிமிர்ந்தது.
நானும் கொஞ்சம் நிமிர்ந்துதான் இருந்தேன்.
கறுப்பைத் தொட்டேன்,
இரைந்தது.

மான் குனிந்து
வெளியே போட்டிருந்த அட்டைப்பெட்டியை,
'உரிமைகோரப்படாதது' என்று எழுதிய பக்கத்திலிருந்து
மெல்லத் தொடங்கியது.